அரசருக்கு வேண்டாத செடி

வேங்கைக்கோட்டை அரசர் தென்னவராயர் பக்கத்து நாட்டு விருந்துக்குப் போய்த் திரும்பினார். நான்கு நாள் குதிரைப் பயணம். மூக்கில் சளி, முழங்காலில் வலி, மனதிலோ பொறாமை!

"அந்த அரசனின் தோட்டத்தில் ரோஜாவைத் தவிர ஒரு புல்கூட இல்லை!" என்று பெருமூச்சு விட்டார்.

தோட்டத்து அதிகாரி கடம்பராயர் சும்மா இருப்பாரா? "நம் தோட்டத்தைப் பாருங்கள், அரசே! தோட்டக்காரி சிலம்பாயி வேலிமேல் கொடியும் வாய்க்காலோரம் களையுமாகக் காடாக்கி வைத்திருக்கிறாள்" என்று தூபம் போட்டார்.

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு வேண்டாத செடி ஒன்றுகூட நாளை மாலை அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் சிலம்பாயி நாட்டிலேயே இருக்கக் கூடாது!"

சிலம்பாயி அழுதுகொண்டே அரசவைப் புலவர் அம்பலவனிடம் ஓடினாள்.

"ஐயா, அதெல்லாம் களை இல்லீங்க, மூலிகைங்க. ஊர்ல யாருக்கு நோவு வந்தாலும் எங்கிட்டத்தான் வர்றாங்க. எப்படீங்க பிடுங்குவேன்?"

அரசர் சொன்னதை அம்பலவன் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஒன்றையும் பிடுங்காதே. விடிந்ததும் ஒரு கூடை பறித்துச் சமையலறைக்குக் கொண்டு வா."

மறுநாள் மதியம் அரசர் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தை ஒரு வாய் குடித்ததும் அடைத்த மூக்கு திறந்துகொண்டது.

"ஆகா! இன்னும் வேண்டும்!"

துவையலை வழித்துச் சாப்பிட்டார். "இதுவும் வேண்டும்!" தோசை மூன்று உள்ளே போயிற்று. "இன்னொன்று வேண்டும்!"

மாலையில் எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள்.

"பார்த்தீர்களா அரசே? ஒரு செடியைக்கூட இவள் பிடுங்கவில்லை!" என்று குதித்தார் கடம்பராயர்.

அரசரின் கண் சிவந்தது. அம்பலவன் முன்னால் வந்தார்.

"அரசே, வேண்டாத செடி இருக்கக் கூடாது என்றீர்கள். வேலியில் முள்ளோடு படர்ந்திருக்கும் இந்தத் தூதுவளைதான் மதியம் ரசம். தண்டு சதுரமாக இருக்கிறதே, இந்தப் பிரண்டைதான் துவையல். காற்றடைத்த பைபோலக் காய் தொங்கும் முடக்கத்தான்தான் தோசை. மூன்றையும் 'வேண்டும், வேண்டும்' என்று கேட்டீர்களே!"

அரசர் விழித்தார். கடம்பராயர் விடவில்லை. தரையில் இருந்த சிறு செடி ஒன்றைக் காலால் காட்டினார்.

"இதை யார் கேட்டார்கள்? இது வேண்டாத செடிதானே?"

சிலம்பாயி குனிந்து அதன் கிளையைத் திருப்பிக் காட்டினாள். இலைகளுக்கு அடியில் கடுகுபோலப் பச்சைக் காய்கள் வரிசையாக இருந்தன.

"கீழாநெல்லிங்க. மஞ்சள் காமாலைக்குக் குடுக்கறது. போன மாசம் உங்க வீட்டம்மாவுக்குக் கேட்டு ஆள் வந்துச்சே, நான்தானுங்க பறிச்சுக் குடுத்தேன்."

அம்பலவன் கடம்பராயரிடம் பணிவாகக் கேட்டார்: "சொல்லுங்கள் ஐயா, பிடுங்கிவிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறினார் கடம்பராயர்.

"எது வேண்டாம்? செடியா?"

"செடி வேண்டும் ஐயா! பிடுங்குவதுதான் வேண்டாம்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சிலம்பாயியிடம் கொடுத்தார். நாளை முதல் தினம் ஐந்து செடியின் பெயரைக் கடம்பராயர் அவளிடம் கற்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார். பிறகு புலவர் பக்கம் திரும்பினார்.

"அம்பலவா, உனக்கு என்ன பரிசு வே..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "அந்தச் சொல்லை உன் எதிரில் சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறதய்யா!"