பறிக்காத சங்குப்பூ

தாமிரபரணிக் கரையில் இருந்த சிறிய மடத்தில் பூப்பறிக்கும் வேலை காந்திமதியுடையது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

கிணற்றடியில் படர்ந்திருந்த நீலச் சங்குப்பூக் கொடி அவள் வளர்த்தது. ஆடியில் குரு விதை கொடுத்தார். தோல் கெட்டி, கல்லில் லேசாகத் தேய்த்து ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு ஊன்றுங்கள் என்றார். முளைத்ததும் முள்கிளை ஒன்றை நட்டு ஏற்றிவிட்டாள். புரட்டாசியில் தினமும் ஒரு தட்டு நிறையப் பூத்தது. அத்தனையும் பூசைக்குப் போனது.

அந்த மாதம் மகள் வடிவிடமிருந்து கடிதம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு, தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற வடிவை, இனி என் வாசலை மிதிக்காதே என்று அனுப்பியவள் காந்திமதி. அதற்குப் பிறகு இதுதான் முதல் கடிதம். அதை இடுப்பில் செருகிக்கொண்டே நடமாடினாள்.

மறுநாள் குருவிடம் போனாள். பொங்கலுக்கு வடிவு வருவாள், சின்ன வயதில் அவளுக்குச் சங்குப்பூ என்றால் உயிர், அவள் வரும்போது கொடி முழுக்க நீலமாக நிற்க வேண்டும், அதுவரை அதில் மட்டும் பறிக்காமல் விடலாமா என்று கேட்டாள்.

"சிவனுக்கு அரளி போதும்மா. அவர் கோவிச்சுக்கிட்டு எங்கேயும் போயிட மாட்டார்."

அன்றிலிருந்து கொடியை யாரும் தொடவில்லை. காலையில் விரிந்த பூ மறுநாள் வாடிவிடும். போனால் போகட்டும், நாளைக்கு இன்னும் பூக்கும் என்று அவள் இருந்தாள். சமையல் செய்யும் ஆவுடையம்மாள், "கொடிக்கு என்ன கல்யாணமா? காவல் பலமா இருக்கே," என்று சிரித்தாள்.

ஐப்பசியில் பூ குறைந்தது. காந்திமதி எரு வைத்தாள். இருவேளை தண்ணீர் விட்டாள். பிறகு ஆவுடையம்மாள் திருட்டுத்தனமாகப் பறிக்கிறாள் என்று சண்டை பிடித்து, இரண்டு நாள் அவள் கையால் சாப்பிடாமல் இருந்தாள். அப்படியும் நுனியில் இரண்டே பூ நின்றது.

ஒரு காலையில் கண் கலங்கக் குருவைக் கூட்டிவந்து காட்டினாள்.

"ஒரு பூவைக்கூட நான் பறிக்கலையே சாமி. ஏன் நின்னுபோச்சு?"

அவர் இலைகளை விலக்கினார். உள்ளே கொத்துக் கொத்தாகக் காய்கள் தொங்கின.

"பறிக்காததாலதாம்மா. பூவெல்லாம் காயாயிட்டு. காய் முத்த ஆரம்பிச்சா கொடி பூக்கிறதை விட்டுடும்."

அவர் காய்களைக் கிள்ளத் தொடங்கினார். அவளும் கிள்ளினாள். தைக்குள் பூக்குமா என்று கேட்டாள். பூக்கும், ஆனால் தினமும் பறிக்க வேண்டும் என்றார்.

சற்று நேரம் கழித்து, மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். அவள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. உள்ளே ஒரே வரி.

'அம்மா, பொங்கலுக்கு வரட்டுமா?'

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

காந்திமதி கையிலிருந்த காயை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"போடலை சாமி. அஞ்சு வருசமா எவ்வளவோ மனசுக்குள்ள சேர்த்து வச்சிருக்கேன். என் எழுத்துல அதெல்லாம் வராது, வீணாப்போயிடும். அவ வரட்டும், கட்டிப்பிடிச்சு மொத்தமாச் சொல்லிக்கிடலாம்னு இருக்கேன்."

குரு கடிதத்தைத் திரும்ப மடித்தார். நுனியில் இருந்த இரண்டு பூவையும் பறித்து, கடிதத்தோடு சேர்த்து அவள் கையில் வைத்தார்.

"தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். நீங்க போங்கம்மா, மிச்சக் காயை நான் கிள்ளுறேன்."