பன்னிரண்டு ரூபாய் மாத்திரை

மாத்திரை விலை இறங்கியது. கெட்டது அங்கேதான்.

ஏறினால் அழலாம், இறங்கியதற்கு என்ன அழுகை என்று கேட்பவர் திருச்செங்கோட்டுச் செம்மலையின் மகளைப் பார்த்ததில்லை. மேகலாவுக்குப் பதினாலு வயது. சோற்றிலும் நீரிலும் இருக்கிற செம்பு மற்றவர்களுக்குக் கழிந்துவிடும். அவளுக்கு ஈரலில் தேங்கும். தினம் இரண்டு மாத்திரை போட்டால் பள்ளிக்கூடம் போவாள், வாயாடுவாள். விட்டால் கை நடுங்கும், பேச்சு குழறும், பிறகு ஈரல் போகும். போன ஈரல் திரும்பாது.

அந்த மாத்திரையை ஒரே ஒரு கம்பெனிதான் செய்தது. யாரும் செய்யலாம் என்று சட்டம் வழிவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. நோயாளிகள் சொற்பம், அதனால் வேறு யாரும் கை வைக்கவில்லை. ஒருவனே விற்றால் அவன் சொன்னதுதான் விலை. ஒரு மாத்திரை நாற்பது ரூபாய், பிறகு அறுபது, பிறகு தொண்ணூறு. செம்மலைக்குச் சொந்தமாகப் போர்வெல் வண்டி உண்டு. அப்படியும், மழையில் வண்டி நின்ற ஓர் ஐப்பசியில், இரண்டு மாத்திரையை ஒன்றாக்கினார். ஒருநாள் காலை மகள் நீட்டிய டம்ளரில் காப்பி பாதிதான் இருந்தது. மீதி அடுப்படியிலிருந்து வாசல்வரை சிந்தியிருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

இப்படிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். புதுச்சேரிப் பக்கம் தலைவலி மாத்திரை செய்துகொண்டிருந்த சின்னக் கம்பெனிக்காரர் தணிகாசலத்தைப் பிடித்தார்கள். அவர் ஒளிக்காமல் சொன்னார். மிஷினை ஒருமுறை ஓட்டினால் சங்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அரை வருஷம் வரும். அதற்குக் குறைத்து ஓட்ட முடியாது. விலை முப்பது. இதற்கென்று ஒரு தனி அறை, வேலை தெரிந்த ஆட்கள், தவறாமல் புதுப்பிக்க வேண்டிய உரிமம் எல்லாம் வேண்டும். கலைத்துவிட்டால் திரும்ப எழுப்ப இரண்டு வருஷம் பிடிக்கும். சங்கம் சரி என்றது. மாத்திரை வந்தது. பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள்.

அந்த மாத்திரை தீருகிற நேரம் பார்த்து, தொண்ணூறுக்கு விற்ற பெரிய கம்பெனி விலையை இறக்கியது. பன்னிரண்டு ரூபாய்.

திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கம் கூடியது. பெரிய கம்பெனியின் ஆளும் வந்திருந்தார். இந்த விலை எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். "இப்போதைக்கு இதுதாங்க" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

செம்மலை எழுந்தார். பன்னிரண்டுக்கே வாங்குவோம் என்றார். துளை போட அடிக்கு இவ்வளவு என்ற ரேட்டை உடைத்து வெளியூர் போர்வெல் வண்டிகளை விரட்டியவர்தான் அவரும். விரட்டிய பின் ரேட்டை ஏற்றியவர்தான். புரியாமல் இல்லை. பயந்தவனுக்குப் புரிந்து என்ன பிரயோஜனம்? "நாளைக்கு வர்றத நாளைக்குப் பாத்துக்கலாமுங்க. எம்புள்ள இன்னைக்கு மாத்திரை திங்கோணும்."

திண்டுக்கல் பூட்டுக்கடை இக்னேஷியஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மகனுக்கும் இதே நோய். கொடுத்த வாக்கு வாக்குதான், முப்பதானாலும் தணிகாசலத்திடமே வாங்க வேண்டும் என்றார். தொண்ணூறில் சாகக் கிடந்தபோது வந்த மனுஷனை இப்போது கைவிடுவதா என்று கேட்டார். பின்வரிசையில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முப்பது கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர்கள் அவர்கள்.

பாதி இங்கே, பாதி அங்கே வாங்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பாதிக்கு மிஷின் ஓடாது என்றார் தணிகாசலம்.

அப்போது செம்மலையின் மனைவி சுகந்தி பேசினாள். போர்வெல் ஆட்களுக்குத் தினப்படிக் காசு கொடுப்பது அவள் பொறுப்பு. மழைக்கு வண்டி நிற்கும். ஆட்களின் படி நிற்காது. நிறுத்தினால் மறுநாளே பக்கத்து வண்டியில் ஏறிவிடுவார்கள். அவள் சொன்னது இதுதான்: மாத்திரையைப் பெரிய கம்பெனியிடமே பன்னிரண்டுக்கு வாங்குவோம். மாத்திரைக்கு மூன்று ரூபாய் மேலே போட்டுச் சேர்த்து, மாதாமாதம் தணிகாசலத்துக்குக் கொடுப்போம். அவர் மிஷினை ஓட்ட வேண்டாம். அறையும் ஆளும் உரிமமும் கலையாமல் நின்றால் போதும்.

மண்டபம் சிரித்தது. "ஓடாத மிஷினுக்குக் கூலியாம்மா? எங்க வீட்ல ஓடாத மொபெட் ஒண்ணு நிக்கிது, அதுக்கும் சேத்துக் குடுத்துருங்க" என்றார் இக்னேஷியஸ்.

செம்மலை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு புள்ளே. அந்தப் பன்னண்டும் போயிருமோன்னு எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கும் பயந்தானுங்க" என்றாள் அவள். உட்காரவில்லை.

பிள்ளைகளுக்கு ஒருநாளும் மாத்திரை தவறக்கூடாது. விலை மறுபடி தொண்ணூறுக்குப் போகவும் கூடாது. செம்மலை, இக்னேஷியஸ், சுகந்தி மூவரில் யார் சொன்ன வழி சரி? சட்டென்று வாயைத் திறக்காதே. யோசித்துவிட்டுக் கீழே படி.

விடை: செம்மலை சொன்னபடி போனால் தணிகாசலம் அறையைக் கலைப்பார், உடனே விலை தொண்ணூறு. அவர் திரும்ப எழுந்து வரும்வரை எந்த ஈரலும் காத்திருக்காது. இக்னேஷியஸ் சொன்னது நாணயம்தான். ஆனால் இல்லாதவர்கள் ஒவ்வொருவராகப் பன்னிரண்டுக்கு நழுவுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆள் குறைந்தால் மிஷின் ஓடாது. அதுவும் தொண்ணூறில்தான் போய் முடியும். பெரிய கம்பெனியின் விலையை இறக்கியது தணிகாசலத்தின் மாத்திரை அல்ல, அவர் எதிரே நிற்பது. காசு கொடுத்து வாங்க வேண்டியது அதைத்தான். சங்கம் நெடுநேரம் முரண்டுவிட்டு அப்படியே செய்தது. மறுவருஷம் கம்பெனி நாற்பதுக்கு ஏற்றிப் பார்த்தது. தணிகாசலம் மருந்துப் பொடிக்கு ஆர்டர் கொடுத்தார், அவ்வளவுதான். மிஷினைத் தொடுமுன்பே விலை பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. இப்போது பயப்படுவது கம்பெனி. பயப்பட வைத்தவள் சுகந்தி.