விரிசலுக்குள் வலைநூல்

“ஆறு மாசமா நூலைக் கெடுக்குத வேலைதான் பாக்கேன். சிலாப்பைப் பலப்படுத்துதது எப்படின்னு எப்பம்மா சொல்லித் தருவீங்க?”

கேட்டவர் குற்றாலிங்கம். வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்து பழகிய வாய். கேள்விகூட அதட்டலாகத்தான் வரும்.

குரு செலஸ்தீனாவுக்கு முப்பத்தாறு. கடற்கரையோரம் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தாள். மீனவர்கள் கழித்துப்போட்ட நைலான் வலைகளை நறுக்கி, சிமெண்டுக் கலவையில் சேர்த்து, அச்சில் ஊற்றி, வாய்க்கால் மூடும் சிலாப் வார்ப்பாள். கற்றுக்கொடு என்று அவளைத் தேடி வந்தவர் இவர் ஒருவர்தான்.

அவருக்கு அவள் கொடுத்த வேலையும் ஒன்றுதான். வலைநூலைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அலசிக் காயவைத்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பளபளவென்று இருந்த நூல் மங்கிச் சொரசொரப்பாகிவிடும். பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரியும்.

“அப்பம் உங்க இஷ்டப்படி ஒண்ணு வார்த்துப் பாருங்க, அண்ணாச்சி” என்றாள் செலஸ்தீனா.

அவர் உடனே கிளம்பிவிட்டார். வலைகளிலேயே நல்ல வலையாகப் பொறுக்கினார். காஸ்டிக் சோடாவும் இல்லை, உப்புத்தாளும் இல்லை. சோப்புப் போட்டு அலசி, நூல் மின்ன மின்னக் கலவையில் சேர்த்தார்.

பக்கத்து அச்சில் செலஸ்தீனா ஒன்று வார்த்தாள். அதே சிமெண்டு, அதே மணல். நூல் மட்டும் அவர் ‘கெடுத்து’ வைத்திருந்தது.

இரண்டின்மேலும் ஈரச்சாக்கு போட்டு இருபத்தெட்டு நாள் நனைத்தார்கள்.

அதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓவர்சியராக இருந்தபோது, சந்தை வாய்க்கால் சிலாப்பைத் தட்டிக்கூடப் பார்க்காமல் ‘தாங்கும்’ என்று கையெழுத்துப் போட்டவர் இவர். அது உடைந்தது. மீன்கூடையோடு உள்ளே விழுந்தவள் பனியம்மா. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் சமாதானம் சொன்னது. பனியம்மாவின் கால் எலும்பு அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை.

இன்றைக்கும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். மீன் வியாபாரம் போயிற்று. கரையில் கிடக்கும் கிழிந்த வலைகளைப் பொறுக்கி இந்தக் கொட்டகைக்குத்தான் கொண்டுவருகிறாள். வழியில் எந்த சிலாப்பிலும் கால் வைக்கமாட்டாள். எவ்வளவு தூரமானாலும் சுற்றித்தான் வருவாள்.

அவள் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டால் குற்றாலிங்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

அவரை இங்கே கொண்டுவந்ததே அந்தக் கால்தான். அவள் நம்பிக் கால் வைக்கும்படி ஒரு சிலாப், ஒரே ஒரு சிலாப் செய்துவிட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் காலை. இரண்டு சிலாப்பையும் கல் முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்தார்கள். செலஸ்தீனா சம்மட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

முதலில் தன்னுடையதை அடித்தார்.

இரண்டாவது அடியில் அது இரண்டாகி விழுந்தது.

“நூல் அறுந்துட்டா?” என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தார். உடைந்த விளிம்பில் நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தார். மோரில் கிடந்த முடி மாதிரி வந்துவிட்டது. பளபளப்புக்கூடக் குறையவில்லை.

“அறுகல.”

“பெறவு?”

“பிடியை விட்டுட்டும்மா.”

அவள் அடுத்ததைக் காட்டினாள்.

ஒன்று. இரண்டு. ஐந்து. ஆறாவது அடியில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை விரிசல் ஓடியது. குற்றாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

விழும் சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தார். மண்டியிட்டு விரிசலுக்குள் பார்த்தார். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே நூல்கள். நூறா, இருநூறா, எண்ண முடியவில்லை. நகத்தால் ஒன்றை நெம்பினார். வரவில்லை. எல்லாம் அவர் கையால் தேய்த்து மங்கிய நூல்.

“ஆத்தாடி” என்றார்.

கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அப்போது வாசலில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது.

அவர் எழுந்து தொட்டிப் பக்கம் திரும்பினார். செலஸ்தீனா வழியில் வந்து நின்றுகொண்டாள். நகரவில்லை.

தோளில் வலைக்கட்டோடு பனியம்மா உள்ளே வந்தாள். சிலாப்பைப் பார்த்தாள்.

“விரிசல் விட்டுட்டே. இதுல ஆளு நின்னாத் தாங்குமா?”

“அண்ணாச்சியக் கேளுங்க” என்றாள் செலஸ்தீனா.

குற்றாலிங்கம் சிலாப்பை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

“தாங்கும்.”

“அன்னைக்கும் நீங்கதான அப்படிச் சொன்னீங்க?”

காண்டிராக்டரைக் குற்றம் சொல்லலாம். மேலதிகாரியைச் சொல்லலாம். இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததும் அதைத்தான். அவர் விரிசலைப் பார்த்தார்.

“ஆமா. நான்தான். பாக்காமச் சொன்னேன்.”

பனியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலைக்கட்டை இறக்கவில்லை. கம்பை மட்டும் சுவரில் சாத்தினாள்.

இழுத்து நடக்கிற காலைத்தான் முதலில் சிலாப்பின்மேல் எடுத்து வைத்தாள்.