குளத்து நீர் போன வழி

மஞ்சக்கரட்டுக் காட்டில் செம்பி என்று ஒரு கீரி இருந்தது. அதற்கு எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. மரங்கொத்தி ஏன் ஒரே மரத்தைக் கொத்துகிறது? எறும்புகள் ஏன் இன்று வேறு வழியில் போகின்றன? இப்படிக் கேட்டுக் கேட்டே பாதி நாளைக் கழிக்கும். எதிரே செம்பி வருவதைக் கண்டால் மற்ற விலங்குகள் வேறு பாதையில் திரும்பிவிடும்.

அந்தக் காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடையில் அத்தனை விலங்குகளுக்கும் அது ஒன்றுதான் தண்ணீர். குளத்தின் வடக்கே மண்ணால் ஆன உயரமான கரை. கரைக்கு அப்பால் சரிவு, சரிவுக்குக் கீழே புதர்க்காடு.

காட்டின் பொது விஷயங்களைப் பேச ஒரு சபையும் இருந்தது. மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு மறுநாள் காலை, மருத மரத்தடியில் கூடும். கொம்பையன் என்ற கடமான்தான் தலைவர். சபையில் யார் என்ன பேசினாலும் அதை மனப்பாடம் செய்து வைத்து அடுத்த மாதம் ஒப்பிப்பது ஒரு மைனாவின் வேலை.

அந்தப் பங்குனி மாதமும் சபை கூடியது.

"முதல் விஷயம்! முள்ளம்பன்றிகள் பாதையில் முள்ளை உதிர்க்கின்றன. போன மாதம் நான்கு பேர் காலில் குத்தியது!" என்றது மைனா.

"உதிர்வது எங்கள் கையிலா இருக்கிறது?" என்றது முள்ளம்பன்றி.

அதற்கே ஒரு நாழிகை போனது. பிறகு, குளத்துக்குப் போகும் வழியில் காட்டெருமைகள் சாணம் போடுவது பற்றிப் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு, குறுகிய பாதையில் புள்ளிமான்கள் கண்மண் தெரியாமல் ஓடுவது பற்றி. வெயில் ஏறிவிட்டது. பலர் கொட்டாவி விட்டார்கள்.

"கடைசி விஷயம். குளத்தில் தண்ணீர் குறைகிறது" என்றது மைனா.

கொட்டாவி விட்ட வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

"குறைகிறதா? ஓடுகிறது என்று சொல்லு! பத்து நாளில் ஒரு முழம் இறங்கிவிட்டது. இப்படியே போனால் சித்திரை பாதியில் சேற்றைத்தான் நக்க வேண்டும்!" என்றது குண்டன் என்ற காட்டுப்பன்றி.

"காரணம் என்ன?" என்று கேட்டது கொம்பையன்.

"இதுகூடத் தெரியாதா தலைவரே? தை மாதத்தில் இந்தக் குளத்துக்குப் புதிதாக வந்தது யார்? மாசியிலிருந்து தண்ணீர் குறைகிறது. நீங்களே கூட்டிப் பாருங்கள்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு நீர்நாய்த் தம்பதி உட்கார்ந்திருந்தது. கணவன் பெயர் அலையன். மனைவி பெயர் அல்லி. கீழே ஆறு வறண்டு போனதால் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இங்கே வந்திருந்தார்கள்.

அலையன் பதறி எழுந்தது. "நாங்களா? நாங்கள் தண்ணீரில் நீந்துகிறோம், மீன் பிடிக்கிறோம். ஒரு குளத்தையே குடிக்க எங்கள் வயிற்றில் இடம் ஏதுங்க?"

"குடிக்க வேண்டுமா என்ன? நாள் முழுக்க உள்ளே குதிக்கிறீர்கள். தண்ணீர் வெளியே தெறிக்கிறது. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் உடம்பு நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்!" என்றது குண்டன்.

"ஆமாம், ஆமாம்!" என்று பலர் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"நீர்நாய்கள் மூன்று நாளில் குளத்தை விட்டுப் போக வேண்டும். ஒப்புக்கொள்பவர்கள் காலைத் தூக்குங்கள்" என்றது கொம்பையன்.

அல்லியின் குரல் நடுங்கியது. "தலைவரே, எங்கள் குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. இந்த வெயிலில் எங்கே தூக்கிக்கொண்டு போவோம்?"

கால்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு சந்தேகம்!"

"வந்துவிட்டாளா செம்பி!" என்று சலித்துக்கொண்டது குண்டன்.

"தண்ணீர் எங்கே போகிறது என்று உங்களில் யாராவது போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டது கீரி.

கொம்பையன் குண்டனைப் பார்த்தது. குண்டன் காட்டெருமையைப் பார்த்தது. காட்டெருமை தரையைப் பார்த்தது.

"எப்படியும் மூன்று நாள் அவகாசம் இருக்கிறதே தலைவரே. அதற்குள் நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முடிவு வேண்டாம்!" என்றது செம்பி.

கொம்பையன் யோசித்தது. "சரி. மூன்று நாள். அதற்கு மேல் ஒரு வேளைகூடக் கிடையாது!"

சபை கலைந்தது. செம்பி நேரே குளத்துக்குப் போனது. ஒரு மூங்கில் குச்சியைக் கரையோரமாகத் தண்ணீருக்குள் நட்டது. தண்ணீர் குச்சியின் ஐந்தாம் கணுவைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அலையன் அண்ணே, நான் சொல்லும் வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் காலைக்கூட நனைக்கக் கூடாது. முடியுமா?"

"பசித்தால்?"

"நான் தவளை பிடித்துத் தருகிறேன்."

நீர்நாய்கள் பாறை மேல் குட்டிகளோடு ஒடுங்கிப் படுத்துக்கொண்டன. அவற்றுக்கு அது பெரிய தண்டனைதான். கண்ணெதிரே தண்ணீர், இறங்க முடியவில்லை.

மறுநாள் காலை செம்பி ஓடிப்போய்ப் பார்த்தது. தண்ணீர் ஐந்தாம் கணுவுக்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது!

"பார்த்தாயா அல்லி! நீங்கள் இறங்கவே இல்லை. ஆனாலும் குறைந்திருக்கிறது!"

செய்தி கேட்டுக் குண்டன் வந்தது. "அப்படியானால் வெயில்தான் குடிக்கிறது. பங்குனி வெயில் லேசா?" என்றது.

செம்பிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதையும் சோதிக்கலாமே! சற்றுத் தள்ளி, ஒரு வெட்டவெளிப் பாறையின் குழியில் பழைய மழைநீர் கொஞ்சம் கிடந்தது. நாள் முழுக்க அதன் மேல் வெயில் விழும். செம்பி அதன் விளிம்பில் கரிக்கட்டையால் ஒரு கோடு இழுத்தது. ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. பாறைக்குழியில் தண்ணீர் நகக்கண் அளவுதான் இறங்கியிருந்தது. குளத்திலோ மீண்டும் நான்கு விரற்கடை!

"வெயிலும் இல்லை. அப்படியென்றால் என்ன?" செம்பிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கரையில் ஒரு புங்க மரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பூக்கள் தண்ணீரில் விழுந்து மிதந்தன. செம்பி சும்மா அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் பூக்கள் மெல்ல நகர்ந்தன! வடக்குக் கரையின் மூலையை நோக்கிப் போயின. அங்கே போய் ஒன்றையொன்று துரத்துவது போல வட்டமாகச் சுற்றின.

"அலையன் அண்ணே! ஓடி வாங்க! இப்போது நீங்கள் நனையலாம்!"

அலையன் ஒரே பாய்ச்சலில் உள்ளே குதித்தது. மூலைக்கு நீந்திப்போய் முங்கியது. வெகு நேரம் வரவில்லை. அல்லி கரையில் தவித்தது. கடைசியில் அலையன் மூச்சு வாங்க மேலே வந்தது.

"அடியில் ஓட்டை இருக்கிறது! கரையில் பட்டுப்போன நாவல் மரத்தின் வேர் உள்ளே மக்கிக் குழாய் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் அதற்குள் போகிறது. என் மீசையை அப்படியே இழுத்தது!"

"உள்ளே போகிற தண்ணீர் எங்கேயாவது வெளியே வர வேண்டுமே!" என்று சொல்லிக்கொண்டே செம்பி கரை மேல் ஏறியது. மறுபக்கச் சரிவில் இறங்கியது.

காடு முழுக்கப் புல் காய்ந்து கிடந்தது. ஆனால் அந்தச் சரிவில் ஓரிடம் மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. நடுவே ஒரு கல். அந்தக் கல்லின் மேல் ஒரு மூஞ்சூறு நனைந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் பரப்பி வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தது.

"என்ன செய்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டது செம்பி.

"பிள்ளைகளின் படுக்கையைக் காய வைக்கிறேன். என் பெயர் சுண்டு. வளையெல்லாம் தண்ணீர். மார்கழியிலிருந்து இதே பாடுதான்."

"மார்கழியிலிருந்தா! காடே தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதா? இதை ஏன் சபையில் சொல்லவில்லை?"

மூஞ்சூறுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லவில்லையா? மூன்று முறை வந்தேன்! பெரியவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் எங்களுக்கு முறை. என் முறை வருவதற்குள் சபை கலைந்துவிடுகிறது. ஒருமுறை பொறுக்க முடியாமல் கத்தினேன். 'அது யார் கீச்கீச் என்று? அமைதி!' என்றார் தலைவர். பிறகு போவதையே விட்டுவிட்டேன்."

அந்தக் கூட்டங்களில் செம்பியும் இருந்திருக்கிறது. அதன் காதிலும் விழவில்லை.

"இன்னொன்று கேளம்மா. முதலில் தண்ணீர் கொஞ்சமாக, தெளிவாக வந்தது. மாசியில் அதிகமானது. நேற்றிலிருந்து கலங்கலாக வருகிறது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது" என்றது சுண்டு.

செம்பி குனிந்து பார்த்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதற்குச் சட்டென்று புரிந்தது. தண்ணீர் இப்போது கரையின் மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறது! ஓட்டை இன்னும் பெரிதானால் கரை உடையும். குளம் ஒரே நாளில் காலியாகிவிடும். சரிவில் இருக்கும் வளைகளையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்.

செம்பி மருத மரத்தடிக்குப் பறந்தது. "தலைவரே! உடனே சபையைக் கூட்டுங்கள்! மரத்தடியில் வேண்டாம், கரை மேல்!"

நடுப்பகலில் எல்லோரும் கரையில் கூடினார்கள். கொம்பையன் சரிவில் இறங்கிப் பச்சைப் புல்லில் காலை வைத்தது. முழங்கால் வரை சேற்றில் புதைந்தது! முகம் வெளுத்துப்போய் மேலே வந்தது.

"ஓட்டையை அடைக்க வேண்டும். உடனே!"

"உள்ளிருந்துதான் அடைக்க முடியும். அவ்வளவு ஆழத்தில் முங்கக்கூடியவர்கள் இரண்டே பேர்தான்" என்றது செம்பி.

எல்லோர் பார்வையும் நீர்நாய்கள் மேல் விழுந்தது. அல்லி முன்னால் வந்தது. இப்போது அதன் குரல் நடுங்கவில்லை.

"இரண்டு நாள் முன்னால் எங்களைப் போகச் சொன்னீர்கள். இன்று முங்கச் சொல்கிறீர்கள். முங்குவோம். எங்கள் பிள்ளைகளுக்கும் இதுதான் தண்ணீர். ஆனால் அன்று சொன்னது எல்லோர் முன்னாலும் சொன்னது. அது பொய் என்றும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்."

குண்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தது.

"நான் பார்க்காமலே பழி போட்டுவிட்டேன். தப்புதான். மன்னித்துவிடுங்கள்."

"குண்டன் சொன்னதை விசாரிக்காமல் நான் காலைத் தூக்கச் சொன்னேன். அது அதைவிடப் பெரிய தப்பு" என்றது கொம்பையன்.

அல்லி தலையசைத்தது. மறுகணம் தண்ணீருக்குள் இருந்தது.

அதன் பிறகு யாரும் நிற்கவில்லை. குரங்குகள் கற்களைப் பொறுக்கி வந்து கொடுத்தன. நீர்நாய்கள் மாறி மாறி முங்கி அவற்றை ஓட்டைக்குள் திணித்தன. குண்டன் மூக்கால் களிமண்ணைக் கிளறிக் குவித்தது. அதைப் புல்லோடு பிசைந்து உருட்டி உள்ளே அனுப்பினார்கள். மேலே காட்டெருமைகள் கரையை மிதித்து இறுக்கின. சுண்டு சரிவில் கல்லின் மேல் நின்றுகொண்டு, "இன்னும் வருகிறது! இன்னும் வருகிறது!" என்று கத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் கீச்குரலைக் கேட்க அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "அமைதி! சுண்டு அம்மா பேசுகிறார்!" என்று கூட்டத்தை அதட்டியது கொம்பையன்.

பொழுது சாயும் நேரத்தில் சுண்டு கத்தியது. "நின்றுவிட்டது!"

மஞ்சக்கரட்டில் அன்று எழுந்த ஆரவாரத்தில் மைனாவுக்கு எதையும் மனப்பாடம் செய்ய முடியவில்லை.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் கோடை மழை கொட்டியது. குளம் நிரம்பியது. கரை அசையாமல் நின்றது. அதற்கு முன்பே அலையனின் குட்டிகள் கண் திறந்துவிட்டன. மழையில் நனைந்தபடி அவை முதல் தடவையாகக் குளத்தில் இறங்கின. குண்டன்தான் கரையில் நின்று, "மெதுவாக, மெதுவாக!" என்று பதறிக்கொண்டிருந்தது.

அடுத்த சபையில் கொம்பையன் இரண்டு புது ஏற்பாடுகளைச் சொன்னது. இனிமேல் சபையில் சிறிய குரல் உள்ளவர்கள்தான் முதலில் பேச வேண்டும். யார் மேல் புகார் வந்தாலும், முதலில் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காலைத் தூக்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் பேச எழுந்தது ஒரு வெட்டுக்கிளி. அதன் குறையைக் கேட்க யானைகூட மண்டியிட்டுக் காதைக் கீழே இறக்கியது.

ஒருவர் மேல் பழி போடும் முன் போய்ப் பார்க்க வேண்டும்; எளியவர் சொல்லும் குறைக்கு முதலில் காது கொடுக்க வேண்டும்.