முழங்கை ஆழம்

சீடர் சபாநடேசனுக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு அவரைவிட இளையவர். கடலோர மணல்மேட்டின் அடியில் ஓலை வீட்டில் இருந்தார். ஊரார் அவரை அம்மா என்றார்கள்; சீடரும் அப்படியே.

வெள்ளிக்கிழமைகளில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார் சீடர். மற்ற நாட்களில் மணல் ஏற்றுமதித் திட்டம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

இந்த வெள்ளியன்று ஒரு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து குருவின் முன் வைத்தார்.

"இந்த மேட்டு மணலை உருக்கிச் செஞ்சது, அம்மா. மாதிரிக்கு."

குரு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அந்தப் பக்கம் கடல் அப்படியே தெரிந்தது.

"நல்லா இருக்கே."

"இவ்வளவு வெள்ளை மணல் லேசில் கிடைக்காது. வெளிநாட்டுல கண்ணாடி செய்யக் கேட்கிறாங்க. சாயங்காலம் ஊர்க்கூட்டம். எடுக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் ஒத்துக்கும். பையன்கள் வேலைக்குக் குவைத் போக வேண்டாம்."

"எவ்வளவு ஆழம்?"

"வெள்ளை மணல் இருக்கிற வரைக்கும். அப்புறம் வேற மண் கொட்டி மூடிடுவோம். சொல்லுங்கம்மா, எடுக்கலாமா, கூடாதா?"

"தாகமா இருக்கு. ஊற்றுல ஒரு செம்பு தண்ணி எடுத்துட்டு வாங்க, ஐயா. இந்த டம்ளர்லயே குடிப்போம். முழங்கை ஆழம் தோண்டினா போதும். ஊறுற வரைக்கும் உட்காரணும்."

ஊற்று மேட்டடியிலேயே இருந்தது. கடைசியாகத் தண்ணீர் எடுத்தவர், ஊர் வழக்கப்படி, மணல் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார். சீடர் கையால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் ஈரம் கசிந்தது. ஒரு வாய்க்குக்கூடத் தேறவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்துபோய் ஜீப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தார்.

இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் பொங்கியது. செம்பு உடனே நிறைந்தது.

தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வந்த ஊர்ப்பெண் ரெஜினா குழிக்குள் எட்டிப் பார்த்தாள். செம்பில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"ஏன் சார், ஊற்றைத் தோண்டச் சொன்னா கடலைத் தோண்டி வச்சிருக்கீங்க?"

"மூடிடறேன். மூடினா சரியாயிடும்."

எடுத்த மணலையெல்லாம் தள்ளி மூடினார். அதே இடத்தில் மறுபடி, இம்முறை முழங்கை ஆழம் மட்டும், தோண்டினார். உட்கார்ந்தார். ரெஜினாவும் உட்கார்ந்தாள். ஊறியதை அவளே ருசி பார்த்தாள்.

"இதுவும் உப்பு." குடத்தை இடுப்பில் வைத்தாள். "இனி அவ்வளவு தூரம், குருசடிச் சிலுவைகிட்ட இருக்கிற ஊற்றுக்குத்தான் நடக்கணும். எல்லாம் உங்க புண்ணியம்."

சீடர் செம்போடு திரும்பினார்.

"உப்பாயிடுச்சு, அம்மா. மூடியும் பார்த்தேன்."

"ம்."

"நல்ல தண்ணி எப்போ திரும்பும்?"

"மழை பெய்யணும். பெய்யற மழையைப் பிடிச்சு வைக்க மணல் இருக்கணும்."

சீடர் மணல்மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க?"

குரு செம்பை வாங்கி டம்ளரில் ஊற்றினார். தண்ணீரும் தெளிவாக இருந்தது, டம்ளரும் தெளிவாக இருந்தது. சீடரிடம் நீட்டினார்.

"டம்ளர்ல ஒரு குறையும் இல்லைன்னு சொல்றேன், ஐயா. முதல்ல நீங்க குடிங்க."