ஜன்னல் வழியே வந்த மின்சாரம்

மின்பற்றாக்குறை என்று மின்வாரியத்தார் முதலில் எங்கள் பேட்டையின் தெருவிளக்குகளைக் கழற்றினார்கள். பிறகு மோட்டார்களுக்கு முறை வைத்தார்கள். கடைசியில், மின்சிக்கனத்துக்காக ஊர்களுக்கு நிதி ஒதுக்கச் சொல்லிச் சட்டசபை சட்டம் போட்டபோது, அந்த நிதியையும் புது மின் நிலையத்துக்குக் கேட்டு வாரியத்தின் தலைமைப் பொறியாளர் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்தார்.

ஊர் சார்பில் நான் சட்டப் பிரிவுகளைச் சொல்லி முழங்கினேன். அவர் கொட்டாவி விட்டார்.

“சிக்கனத்தில் மின்சாரம் பிறக்குமா? மிச்சம் பிடித்த மின்சாரத்தை இங்கே வரவழைத்துக் காட்டுங்கள். நிதியை விட்டுவிடுகிறேன். சபையே சாட்சி” என்றார்.

பக்கத்துக் கட்டடத்தில் மாவு மில் நடத்தும் அம்மா எழுந்தார். கூட்டம் நடந்த மண்டபத்துக்கும் மில்லுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மின்னழுத்தம் போதாமல் காலையிலிருந்து மில் ஓடவில்லை. அவருடைய மருமகள் மோட்டாரைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூப்பிட்டா வருங்கய்யா” என்றபடி மண்டபத்து ஏசிகளையும், பட்டப்பகலில் எரிந்த விளக்குகளையும் அணைத்தார் அந்த அம்மா. ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

“என்னம்மா இது, வேர்க்குது” என்றார் பொறியாளர்.

“பொறுங்கய்யா, வந்துக்கிட்டிருக்கு.”

மில் ஓடத் தொடங்கியது. மிளகாய் வற்றல் நெடி ஜன்னல் வழியே உள்ளே ஏறியது. பொறியாளர் தும்மினார். நிறுத்த முடியாமல் தும்மினார்.

“வந்திருச்சுங்களா?” என்றார் மில்லுக்கார அம்மா.

கூட்டத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிதி ஊருக்கே என்று உத்தரவிட்டார்.

நான் யாருக்கும் லேசில் நன்றி சொல்பவன் அல்ல. என் தொண்டையால் ஆகாததைச் செய்தவருக்குக் கைகூப்பிச் சொன்னேன். ஏற்கப்பட்ட ஆட்சேபத்தைச் சொன்னவர் பெயரைச் சபையில் வாசிப்பது முறை. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். தலைவர் உரக்க வாசித்தார்:

“செவந்தியம்மாள்.”