மூன்று சனிக்கிழமைகள்

"எனக்குக் காவி கொடுங்கம்மா. வெளியே எனக்கு இனிமே யாரும் இல்ல" என்றார் தணிகாசலம்.

மலையடிவார மடத்தில் அரசி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரைவிடத் தணிகாசலத்துக்கு ஆறு வயது அதிகம். இருந்தாலும் அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். துறவுக்கு முன்னால் அவர் குடும்பநல கோர்ட்டில் வக்கீல்.

"யாரும் இல்லையா?"

"ஒரு பொண்ணு. அமுதினி. எட்டு வயசு. கோர்ட்டு அவளை அவங்க அம்மாகிட்ட கொடுத்துடுச்சு."

"எப்போ?"

"இருபத்து நாலு நாள் ஆச்சு."

அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"மேல்முறையீடு செய்ய முப்பது நாள். இன்னும் ஆறு நாள் இருக்கு. ஹைகோர்ட்டுக்குப் போகலாம்."

"அங்கேயும் தோத்துட்டா?"

"குழந்தை விஷயத்துல எந்தத் தீர்ப்பும் கடைசித் தீர்ப்பு இல்ல. நிலைமை மாறினா அதே கோர்ட்டுல மறுபடியும் கேட்கலாம்."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். காவி கேட்க வந்தவருக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

"பார்க்கிறதுக்கு நேரம் கொடுத்திருப்பாங்களே?" என்று அம்மா கேட்டார்.

"கொடுத்தாங்க. சனிக்கிழமை பத்துலேருந்து பன்னிரண்டு. கோர்ட்டுலயே ஒரு ரூம்ல."

"போனீங்களா?"

"நான் பெத்த பொண்ணை, கோர்ட்டு ஆள் ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து காவல் காக்க, ரெண்டு மணி நேரம் பார்க்கணுமா? ஜெயில்ல மனு போட்டுப் பார்க்கிற மாதிரி. போகல."

அம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு சனிக்கிழமை. முதல் பஸ்ஸுக்கு வந்துடுங்க. நானும் வரேன்."

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு இருவரும் கோர்ட்டில் இருந்தார்கள்.

சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சி வரைந்த அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கேரம் போர்டு. அறையைப் பார்த்துக்கொள்ளும் குளோரி என்ற பெண்மணி தணிகாசலத்தின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் அமுதினியோட அப்பாவா?"

"ஆமா."

"மூணு வாரமா வருதுங்க அந்தக் குழந்தை. பத்து மணிக்கு டாண்ணு கொண்டுவந்து விட்டுட்டு அவங்க அம்மா வெளியே போய் நின்னுக்குவாங்க. பன்னிரண்டு வரைக்கும் அது இங்கேயே உட்கார்ந்திருக்கும்."

தணிகாசலம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது..."

"முதல் வாரம் வாசலையே பார்த்துட்டிருந்தது. ரெண்டாவது வாரம், அப்பாவுக்கு பஸ் கிடைச்சிருக்காது ஆன்ட்டின்னு எங்கிட்ட சொன்னது."

"போன வாரம்?"

"போன வாரம் ஒண்ணும் சொல்லல."

பத்து மணி ஆயிற்று. வேறு இரண்டு குழந்தைகள் வந்தார்கள். ஒருவர் தன் மகனுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். பத்தரை ஆயிற்று. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் தணிகாசலம் எழுந்து நின்றார்.

பதினொன்றுக்கு குளோரியின் போன் அடித்தது. கேட்டார், இரண்டு முறை "சரிம்மா" என்றார், வைத்தார்.

"அவங்க அம்மாதான். இன்னிக்கு வரல."

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காம். கோர்ட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டாங்களாம். ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன்னு அழுதுச்சாம். திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

தணிகாசலத்தின் முகம் சிவந்தது. அரசி அம்மா பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களாம்மா? கோர்ட்டு உத்தரவும்மா இது! சனிக்கிழமை பத்துலேருந்து பன்னிரண்டுன்னு எழுதியே கொடுத்திருக்கு. உத்தரவை மீறினா மனு போடலாம் இல்லையா? நீங்க வக்கீலா இருந்தவங்கதானே, சொல்லுங்க. போடலாமா, கூடாதா?"

"தாராளமா போடலாம்" என்றார் அம்மா. "யார் மேல?"